ஒரு மாணவரை அதே வகுப்பில் நிறுத்தி வைத்தால் என்ன ஆகும்: விளைவை அளக்கும் வழி

நிறுத்தி வைக்கப்பட்டவர்களின் சராசரி மதிப்பெண்ணையும் மேல்வகுப்புக்குப் போனவர்களின் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அந்த வித்தியாசம் நமக்குச் சொல்வது யார் நிறுத்தப்படுகிறார்கள் என்பதை மட்டுமே. அடிக்கடி பள்ளிக்கு வராதவர், இரண்டு வருடமாகவே கணக்கில் திணறுபவர், வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாதவர் ஆகியோரே பெரும்பாலும் நிறுத்தப்படுகிறார்கள். அவர்களை மேலே அனுப்பியிருந்தாலும் பின்தங்கித்தான் இருந்திருப்பார்கள். 1989இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் 54 தீங்கு என்று காட்டின. ஒப்பீட்டுக் குழுவைக் கவனமாக அமைத்த 84 ஆய்வுகளை 2021இல் தொகுத்தபோது சராசரி விளைவு பூஜ்ஜியத்தை ஒட்டி நின்றது. அதுவும் சராசரிதான். எந்த வகுப்பில் நிறுத்தினார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள், எத்தனை ஆண்டு கழித்து அளந்தார்கள் என்பதைப் பொறுத்து விடை மேலும் கீழும் போகிறது.

அதனால் மென்பொருளைத் திறப்பதற்கு முன் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். அதில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: யாருக்கு, எதற்குப் பதிலாக, எப்போது அளந்து, எந்த அளவுகோலில். "மூன்றாம் வகுப்பு வாசிப்புத் தேர்வில் கட்-ஆஃபை ஒட்டி நின்ற மாணவரை, கூடுதல் வகுப்போடு மேலே அனுப்புவதற்குப் பதிலாக நிறுத்தி வைத்தால், அவர் ஐந்தாம் வகுப்பை முடிக்கும்போது வாசிப்பு மதிப்பெண் எவ்வளவு மாறும்?" என்பது கேள்வி. "ஃபெயில் ஆக்குவது நல்லதா?" என்பது கேள்வி இல்லை. அதற்கு எந்தத் தரவும் பதில் சொல்லாது.

அதே வயதா, அதே வகுப்பா

இந்த ஒரு முடிவு, பின்னால் எடுக்கப்போகும் எல்லா முடிவுகளையும்விடப் பெரியது. விளைவு கூட்டலா கழித்தலா என்பதையே இது தீர்மானித்துவிடும்.

மூன்றாம் வகுப்பில் ஒரே மாதிரி மதிப்பெண் வாங்கிய இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் நிறுத்தப்படுகிறார், மற்றவர் மேலே போகிறார். ஓராண்டு கழித்து முதலாமவர் மூன்றாம் வகுப்பிலேயே இருக்கிறார், இரண்டாமவர் நான்கை முடிக்கிறார். அன்றைக்கு இருவரையும் அளந்தால் அது அதே வயது ஒப்பீடு. முதலாமவர் நான்காம் வகுப்பை முடிக்கும்வரை காத்திருந்து, இரண்டாமவர் முந்தைய ஆண்டு நான்காம் வகுப்பில் வாங்கியதோடு ஒப்பிட்டால் அது அதே வகுப்பு ஒப்பீடு. இரண்டாவதில் நிறுத்தப்பட்டவர் ஒரு வயது மூத்தவர். ஓராண்டு அதிகம் படித்தவர். அந்தக் கூடுதல் ஆண்டின் பயனும் விளைவுக்குள் சேர்ந்தே வரும்.

கற்பனை எண்களில் பார்க்கலாம். அதே வகுப்பு ஒப்பீட்டில் நிறுத்தப்பட்டவர் 0.25 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்பதன் அலகு) மேலே இருக்கிறார். அந்த வயதில் சாதாரணமாக ஓராண்டுக் கல்வி 0.40 திட்ட விலக்கம் வளர்ச்சி தரும் என்று வைத்துக்கொள்வோம். மேலே போனவர் அந்த ஓராண்டில் 0.40 முன்னேறியிருப்பார். எனவே ஒரே வயதில், இரு வகுப்புக்கும் பொதுவான ஒரே தொடர் அளவுகோலில் பார்த்தால் நிறுத்தப்பட்டவர் 0.15 பின்னால் நிற்கிறார். ஒரே பிள்ளைகள், ஒரே தேர்வு. ஒரு அறிக்கையில் +0.25, இன்னொன்றில் –0.15. இரண்டும் பொய் இல்லை. "பத்தாம் வகுப்பு முடித்து வெளியே வரும்போது என்ன தெரிந்திருக்கும்?" என்று கேட்பவருக்கு முதல் எண் வேண்டும். "15 வயதில் என்ன தெரிந்திருக்கும்?" என்று கேட்பவருக்கு இரண்டாவது. இரண்டையும் கணக்கிட்டு, எது எது என்று பெயரிட்டு வெளியிடுவதே சரி. ஒன்றை மட்டும் போட்டு மற்றதை மறைக்கும் அறிக்கையை நம்பாமல் இருப்பது நல்லது.

அதே வயது ஒப்பீட்டுக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. மூன்றாம் வகுப்புத் தேர்வும் நான்காம் வகுப்புத் தேர்வும் பொதுவான கேள்விகளால் இணைக்கப்பட்டு ஒரே தொடர் அளவுகோலில் இருக்க வேண்டும். அது இல்லாமல், மதிப்பெண்ணை அந்தந்த வகுப்புக்குள் தரப்படுத்திவிட்டு ஒப்பிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. நிறுத்தப்பட்டவர் மூன்றாம் வகுப்புச் சராசரியில், அதாவது 0இல் நிற்கிறார். மேலே போனவர் நான்காம் வகுப்புச் சராசரிக்கு 0.8 கீழே நிற்கிறார். கழித்தால் 0.8 திட்ட விலக்கம் "லாபம்". உண்மையில் ஒருவரைச் சின்னப் பிள்ளைகளோடும் மற்றவரைப் பெரிய பிள்ளைகளோடும் ஒப்பிட்டிருக்கிறோம், அவ்வளவுதான். தொடர் அளவுகோல் இல்லையென்றால் அதே வயது மதிப்பெண் ஒப்பீட்டையே விட்டுவிடுங்கள். இடைநிற்றல், வருகை, ஒழுங்கு நடவடிக்கை, பின்னாளின் வருமானம் போன்றவற்றை வயதுப்படி ஒப்பிடத் தடையில்லை.

சிலர் வயது, வகுப்பு, பள்ளியில் சேர்ந்த வயது மூன்றையும் ஒரே சமன்பாட்டில் போட்டு எல்லாவற்றையும் "கட்டுப்படுத்திவிட்டோம்" என்பார்கள். அப்படிச் செய்ய முடியாது. இந்த மூன்றும் தெரிந்தால் ஒருவர் நிறுத்தப்பட்டாரா என்பது தானாகவே தெரிந்துவிடும். மென்பொருள் ஒரு மாறியைச் சத்தமில்லாமல் தூக்கிவிட்டு மிச்சத்துக்கு ஒரு எண்ணைக் கொடுக்கும். அந்த எண் எதைக் குறிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

தரவைத் தயார் செய்தல்

ஒவ்வொரு மாணவருக்கும் மாறாத ஓர் அடையாள எண், ஆண்டுதோறும் எந்த வகுப்பு, தேர்வின் முதல் முயற்சி மதிப்பெண், மறுதேர்வு மதிப்பெண், விதிவிலக்கு கிடைத்ததா, அடுத்த ஆண்டு எங்கே உட்கார்ந்தார் என்ற விவரங்கள் வேண்டும். நிறுத்தப்படுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டு மதிப்பெண்ணும் இருந்தால் பெரிய உதவி.

"நிறுத்தப்பட்டவர்" யார் என்பதை அறிக்கை அட்டையில் எழுதியதை வைத்து எடுக்காதீர்கள். அடுத்த கல்வியாண்டில் ஒரு குறிப்பிட்ட தேதியில் அவர் பதிவான வகுப்பு இந்த ஆண்டு வகுப்பேதானா என்று பாருங்கள். நிறுத்தம் என்று முடிவான பிறகும் பெற்றோர் பேசியதால் மேலே போனவர்களும், நடு ஆண்டில் மேல்வகுப்புக்கு மாற்றப்பட்டவர்களும் உண்டு. நடு ஆண்டு மாற்றத்தைத் தனிக் குறியீடாக வையுங்கள்; அவர்களை எந்தப் பக்கம் சேர்த்தாலும் விடை கொஞ்சம் நகரும். எவ்வளவு நகருகிறது என்று பார்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த ஆண்டு தரவில் காணாமல் போனவர்களை எடுத்தவுடன் நீக்கிவிட வேண்டாம். நிறுத்தி வைத்தார்கள் என்பதற்காகவே வேறு பள்ளிக்குப் போகிறவர்கள் உண்டு. காணாமல் போவதே ஒரு விளைவு. அதைத் தனியாக அளக்க வேண்டும்.

இன்னொரு பொறி தரவின் கடைசி ஆண்டில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு மதிப்பெண்ணை அளப்பதென்றால் நிறுத்தப்பட்டவர் அங்கே வந்துசேர ஓராண்டு கூடுதலாகும். மேலே போனவர்கள் ஐந்தை எட்டிய ஆண்டோடு தரவு முடிந்தால், நிறுத்தப்பட்டவர்கள் இன்னும் வந்திருக்க மாட்டார்கள். அந்தக் கடைசித் தொகுதி மாணவர்களை இரு பக்கமும் சேர்த்து வெட்டிவிட வேண்டும்.

கட்-ஆஃப் இருந்தால்

குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிறுத்துவது என்ற விதி இருந்தால் அதிர்ஷ்டம். 34 வாங்கியவருக்கும் 35 வாங்கியவருக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் கிடையாது. அன்றைக்கு ஒரு கேள்வி கைகொடுத்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம். சிகாகோவில் 1996இல் 3, 6, 8ஆம் வகுப்புகளுக்கும், ஃப்ளோரிடாவில் 2002இல் மூன்றாம் வகுப்பு வாசிப்புக்கும் கொண்டுவந்த விதிகளை ஆராய்ந்தவர்கள் பயன்படுத்தியது இந்த இடத்தைத்தான். ரிக்ரெஷன் டிஸ்கன்டினியூட்டி என்பது இதன் பெயர். இங்கே கட்-ஆஃப் முறை என்றே சொல்லலாம்.

எந்த மதிப்பெண்ணை அச்சாக, அதாவது மாணவர் கட்-ஆஃப் கோட்டின் எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று காட்டும் அளவாக, வைப்பது என்பதில் தவறக்கூடாது. முதல் முயற்சி மதிப்பெண்ணைத்தான் வைக்க வேண்டும். மறுதேர்வு எழுதியவர்களின் சிறந்த மதிப்பெண்ணை வைத்தால், விடாப்பிடியாக மூன்று முறை எழுதித் தேறியவர்கள் எல்லாம் கோட்டுக்கு மேலே குவிவார்கள். ஒப்பீடு அங்கேயே கெட்டுவிடும். வாசிப்பு, கணக்கு இரண்டிலும் தேற வேண்டும் என்ற விதி என்றால், ஒவ்வொரு பாடத்திலும் மதிப்பெண்ணிலிருந்து கட்-ஆஃபைக் கழித்து, கூட்டல் கழித்தல் குறியோடு அவற்றில் சிறியதை அச்சாக வையுங்கள்.

முதல் படம்: ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் எத்தனை சதவீதம் பேர் உண்மையில் நிறுத்தப்பட்டார்கள். விதி இரும்பு போல இருந்தால் கோட்டுக்குக் கீழே 100, மேலே 0. நடைமுறையில் அப்படி இருக்காது; விதிவிலக்கு, மறுதேர்வு, பெற்றோர் வற்புறுத்தல் எல்லாம் சேர்ந்து கோட்டின் ஒரு பக்கம் 62, மறுபக்கம் 10 என்று வரலாம். தாவல் 52 சதவீதப் புள்ளி. இந்தத் தாவல் 10 அல்லது 15க்குள் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு வேறு வழி தேடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். காரணம் எளிது: தாவல் பாதியானால் அதே துல்லியத்துக்கு நான்கு மடங்கு மாணவர்கள் வேண்டும். ஐந்தில் ஒன்றானால் 25 மடங்கு.

இரண்டாவது படம்: ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள். இங்கேதான் கருணை மதிப்பெண் காட்டிக்கொடுக்கும். 33இலும் 34இலும் பள்ளம், 35இல் குன்று என்று தெரிந்தால், திருத்தியவர் யாரையோ கைதூக்கி விட்டிருக்கிறார். யாரைத் தூக்கிவிட்டார் என்பதுதான் சிக்கல். ஆசிரியர் நம்பிக்கை வைத்த பிள்ளைகளைத்தான் தூக்கியிருப்பார். அப்படியானால் 34இல் மிஞ்சியவர்களும் 35க்கு வந்தவர்களும் ஒரே ரகம் இல்லை. மையத்தில் கணினி திருத்திய தேர்வில் இது அரிது. பள்ளியிலேயே திருத்தும் தேர்வில் சர்வசாதாரணம். குவியல் தெரிந்தால் 33 முதல் 36 வரையுள்ளவர்களை விட்டுவிட்டு மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனைதான். மருந்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விடை பெரிதாக மாறினால் அந்தத் தேர்வை நம்ப முடியாது. கருணை சேர்ப்பதற்கு முந்தைய மதிப்பெண் பதிவு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் அது அப்படியே கிடைக்கும். அதை அச்சாக வைத்தால் குவியல் மறைந்துவிடும்; தாவல் கொஞ்சம் சிறுக்கும், பரவாயில்லை.

மூன்றாவது: நிறுத்துவதற்கு முன்பே தீர்மானமான விஷயங்கள், அதாவது முந்தைய ஆண்டு மதிப்பெண், பாலினம், பிறந்த மாதம், வருகை ஆகியவை, கோட்டில் தாவுகின்றனவா? தாவக்கூடாது. இருபது மாறிகளைச் சோதித்தால் ஒன்று தற்செயலாகத் தாவும். அதற்காகப் பதற வேண்டாம். முந்தைய மதிப்பெண்ணே தாவினால் பதற வேண்டும்.

இவை தேறிய பிறகுதான் விளைவுக் கணக்கு. கோட்டிலிருந்து இரு பக்கமும் ஒரு குறுகிய பட்டையை எடுங்கள். உதாரணமாக 10 மதிப்பெண். பட்டைக்குள் இரு பக்கமும் தனித்தனி நேர்கோடு பொருத்துங்கள். கோட்டுக்கு அருகில் இருப்பவருக்கு எடை அதிகம், தள்ளிப் போகப்போகக் குறையும்: 35இல் 1, 30இல் 0.5, 25இல் 0. சமன்பாட்டில் மூன்றே உறுப்புகள்: கோட்டுக்குக் கீழே இருக்கிறாரா, கோட்டிலிருந்து தூரம், இவ்விரண்டின் பெருக்கல். முதல் உறுப்பின் குணகம்தான் தாவல். மூன்றாம் படி, நான்காம் படி வளைகோடுகள் போடும் பழக்கம் முன்பு இருந்தது. விளிம்பில் அவை தலை தூக்கி ஆடி இல்லாத தாவலை உருவாக்கும், தவிருங்கள். பட்டையின் அகலத்தைத் தானாகத் தேர்ந்தெடுத்து, அதற்கேற்பப் பிழை இடைவெளியை (உண்மை விளைவு இருக்கக்கூடிய வரம்பை) திருத்தித் தரும் தொகுப்புகள் ஆர், ஸ்டேட்டா, பைதான் ஆகிய மென்பொருள்கள் மூன்றிலும் உண்டு. பிறகு அகலத்தைப் பாதியாக்கியும் இரட்டிப்பாக்கியும் பாருங்கள்.

மதிப்பெண் முழு எண்ணாக மட்டுமே இருந்தால் பட்டைக்குள் 20 புள்ளிகள்தான் இருக்கும். ஒரே மதிப்பெண் வாங்கியவர்களை ஒரு கொத்தாக வைத்துப் பிழையைக் கணக்கிடுவது பல காலம் வழக்கமாக இருந்தது. அது இடைவெளியைப் பொய்யாகக் குறுக்கக்கூடும் என்று 2018இல் வந்த ஆய்வு காட்டிவிட்டது. மதிப்பெண்ணுக்கும் விளைவுக்கும் உள்ள உறவு நேர்கோட்டிலிருந்து எவ்வளவு வளையலாம் என்று ஓர் எல்லை வைத்து இடைவெளியை அகலப்படுத்தும் முறையைப் பயன்படுத்துங்கள்.

இப்போது கணக்கு. அதே வகுப்பு ஒப்பீட்டில் ஐந்தாம் வகுப்பு மதிப்பெண் கோட்டில் 0.13 திட்ட விலக்கம் தாவுகிறது, தரப்பிழை (தற்செயலால் இந்த எண் எவ்வளவு ஆடலாம் என்பதன் அளவு) 0.04. நிறுத்தப்படும் வாய்ப்பின் தாவல் 0.52. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.25, தரப்பிழை ஏறத்தாழ 0.077, 95 சதவீத இடைவெளி 0.10 முதல் 0.40 வரை. வகுக்காத 0.13ஐ விளைவு என்று வெளியிடுவது இன்னும் நடக்கிறது. 0.13 என்பது கட்-ஆஃபுக்குக் கீழே விழுந்ததன் விளைவு; 0.25 என்பது அதனால் நிறுத்தப்பட்டவர்களுக்கு நிறுத்தத்தின் விளைவு. வகுக்கும் எண் சிறியதாக இருந்தால் இந்தச் சாதாரண இடைவெளியை நம்பாமல், பலவீனமான கருவி மாறிக்கும் (இங்கே கட்-ஆஃபுக்குக் கீழே விழுந்ததே கருவி மாறி; நிறுத்தத் தாவல் சிறியதானால் அது பலவீனம்) தாங்கும் ஆண்டர்சன்–ரூபின் இடைவெளியைப் போடுங்கள்.

வகுத்துவிட்டால் எல்லாம் முடிந்ததா என்றால் இல்லை. கட்-ஆஃபுக்குக் கீழே போனவருக்கு நிறுத்தம் தவிர வேறு என்னென்ன நடக்கிறது? ஃப்ளோரிடாவில் நிறுத்தப்பட்டவருக்குத் திறமையான ஆசிரியர், தினம் 90 நிமிட வாசிப்புப் பாடம், கோடைகால வாசிப்பு முகாம் எல்லாம் சேர்ந்து வந்தன. அங்கே அளக்கப்பட்டது அந்த முழுப் பொதியின் விளைவு. வெறுமனே அதே பெஞ்சில் இன்னொரு வருடம் உட்கார வைப்பதன் விளைவாக அதைப் படிக்கக்கூடாது. சிகாகோ போல, முதல் தேர்வில் தவறியவர் எல்லோருக்கும் கோடை வகுப்பு, பின்பு மறுதேர்வு, அதிலும் தவறினால் நிறுத்தம் என்ற அமைப்பு இருந்தால் பிரிக்க ஒரு வழி உண்டு: முதல் தேர்வில் தவறியவர்களை மட்டும் எடுத்து, மறுதேர்வின் கட்-ஆஃபில் ஒப்பிடுங்கள். அங்கே இரு பக்கத்தவரும் கோடை வகுப்பு முடித்தவர்கள். மாறுவது நிறுத்தம் மட்டும். மேலே மறுதேர்வு மதிப்பெண்ணை வைக்காதீர்கள் என்றது சிறந்த மதிப்பெண்ணை எடுப்பதைப் பற்றி. எல்லோருக்கும் ஒரே ஒரு மறுதேர்வு என்றால் இது செல்லும். மறுதேர்வுக்கே வராதவர்கள் எத்தனை பேர் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

வந்த எண்ணை எப்படிப் படிப்பது

இது கோட்டை ஒட்டி நின்றவர்களில், விதியால் தலைவிதி மாறியவர்களுக்கான விளைவு. 12 மதிப்பெண் வாங்கியவரைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை. "கட்-ஆஃபை இரண்டு மதிப்பெண் உயர்த்தலாமா?" என்பதற்கு இது உதவும். "நிறுத்தி வைப்பதையே ஒழிக்கலாமா?" என்பதற்கு உதவாது.

மேலே போன பக்கத்தையும் கவனியுங்கள். இந்த ஆண்டு தப்பித்தவர் அடுத்த இரண்டு ஆண்டுக்குள் நிறுத்தப்படலாம்; கோட்டை ஒட்டியவர்களிடையே இது கணிசமாகவே நடக்கும். அப்போது நாம் அளப்பது "இப்போது நிறுத்துவதா, பிறகு ஒருவேளை நிறுத்துவதா" என்பதையே. மேலே போனவர்களில் எத்தனை சதவீதம் பேர் பிறகு நிறுத்தப்பட்டார்கள் என்று ஆண்டுவாரியாக ஓர் அட்டவணை போட்டால் படிப்பவருக்குப் புரியும்.

காணாமல் போனவர்கள் கோட்டின் இரு பக்கமும் வேறு வேறு விகிதத்தில் இருந்தால், மோசமான இரு நிலைகளைக் கணக்கிடுங்கள். கூடுதலாக ஆள் மிஞ்சிய பக்கத்தில், அந்தக் கூடுதல் பங்கை மேல் நுனியிலிருந்து ஒருமுறை வெட்டியும் கீழ் நுனியிலிருந்து ஒருமுறை வெட்டியும் பார்த்தால் விளைவுக்கு மேல் எல்லையும் கீழ் எல்லையும் கிடைக்கும். இரண்டு எல்லைக்கும் குறி ஒன்றாக இருந்தால் நிம்மதி.

எந்த வகுப்பில் நிறுத்தினார்கள் என்பது பெரிய வேறுபாடு. ஃப்ளோரிடாவின் மூன்றாம் வகுப்பு மாணவர்களிடம் அதே வயது ஒப்பீட்டில் தெரிந்த லாபம் சில ஆண்டுகளில் கரைந்தது. அதே வகுப்பு ஒப்பீட்டில் நீடித்தது. சிகாகோவிலும் லூசியானாவிலும் எட்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்களிடம் இடைநிற்றல் கூடியது. உருகுவேயில் உயர்நிலைப் பள்ளியின் கீழ்வகுப்பு மாணவர்களை ஆராய்ந்ததிலும் அதுவே. ஆகவே மூன்றாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் ஒரே சமன்பாட்டில் கொட்டிச் சராசரி எடுக்காதீர்கள்.

இடைநிற்றலை அளக்கும்போது "உரிய ஆண்டில் பள்ளியை முடித்தாரா" என்று கேட்டால் நிறுத்தப்பட்டவர் எல்லோரும் வரையறையாலேயே தோற்றுவிடுவார்கள். 20 அல்லது 21 வயதுக்குள் முடித்தாரா என்று கேளுங்கள். சட்டப்படி பள்ளியை விட்டுப் போகலாம் என்ற வயதை நிறுத்தப்பட்டவர் ஒரு வகுப்பு முன்பே எட்டிவிடுகிறார் என்பதும் நினைவில் இருக்கட்டும். இடைநிற்றல் கூடுவதில் ஒரு பகுதி அந்த வழியாக வரலாம்.

கட்-ஆஃப் இல்லாவிட்டால்

ஆசிரியரும் பெற்றோரும் பேசி முடிவெடுக்கும் இடத்தில் மிஞ்சுவது ஒத்தவரைத் தேடி இணைப்பதுதான். ஒவ்வொரு பாடத்திலும் முந்தைய இரண்டு ஆண்டு மதிப்பெண், வருகை, மாதக் கணக்கில் வயது, முன்பு நிறுத்தப்பட்டாரா, ஆசிரியர் மதிப்பீடு, பெற்றோர் கல்வி இவ்வளவும் இருந்தால் முயலலாம். ஓராண்டு மதிப்பெண் மட்டும் இருந்தால் வேண்டாம். தேர்வன்று காய்ச்சலில் எழுதியவர் மதிப்பெண் சரிந்து நிறுத்தப்படுகிறார்; அடுத்த ஆண்டு தன் வழக்கமான நிலைக்குத் தானாகத் திரும்புகிறார். ஓராண்டு மதிப்பெண்ணில் அந்தத் திரும்பல் முழுவதும் நிறுத்தத்தின் வெற்றியாகக் கணக்கில் ஏறிவிடும்.

இணையை எங்கே தேடுவது? ஒரே பள்ளிக்குள் தேடினால் சூழல் ஒன்று. ஆனால் ஒரே மதிப்பெண்ணில் ஒருவரை நிறுத்தி ஒருவரை அனுப்பினார்கள் என்றால் ஆசிரியர் கண்ணுக்குப் பட்ட ஏதோ ஒன்று நம் தரவில் இல்லை. கண்டிப்பான பள்ளியில் நிறுத்தப்பட்டவருக்குத் தாராளமான பள்ளியில் மேலே போனவரை இணையாக்கினால் அந்தக் குறை குறையும். பதிலுக்குப் பள்ளிகளின் வேறுபாடு உள்ளே வரும். இரண்டையும் செய்து, விடைகள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்ப்பது உத்தமம். உடன்பிறந்தோர் ஒப்பீட்டில் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அக்காவை நிறுத்தாமல் தம்பியை நிறுத்தியதற்குக் காரணமே அவர்களுக்கிடையே இருக்கும் வித்தியாசம்தானே.

ஒரு சோதனையை மட்டும் தவறவிடாதீர்கள். மூன்று ஆண்டு முந்தைய மதிப்பெண் கையில் இருந்தால் அதை இணைப்பில் சேர்க்காமல் ஒதுக்கி வையுங்கள். இணைப்பு முடிந்ததும் அதையே விளைவாகப் போட்டு ஓட்டுங்கள். இனிமேல் நடக்கப்போகும் நிறுத்தம் பழைய மதிப்பெண்ணை மாற்ற முடியாது. பூஜ்ஜியம் வர வேண்டும். –0.20 வந்தால் உங்கள் "ஒத்த" ஜோடிகள் ஒத்தவை அல்ல. பிறகு உண்மையான விளைவுக் கணக்கில் –0.25 வந்தாலும் அதில் பெரும்பகுதி இந்த வித்தியாசத்தின் நிழல்தான்.

விதியே மாறும்போது

தேர்வு எழுதும் முன்பே, நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கூடுதலாக உழைக்கலாம். அந்த விளைவு கோட்டின் இரு பக்கத்தவருக்கும் பொது. அதனால் கட்-ஆஃப் முறையில் அது தெரியாது. விதி வந்த இடத்தையும் வராத இடத்தையும், முன்னும் பின்னும் ஒப்பிட்டால்தான் தெரியும்.

இங்கே பெரிய ஏமாற்று ஒன்று காத்திருக்கிறது. 1,000 பேர் கொண்ட மூன்றாம் வகுப்பில் கடைசி 100 பேரின் சராசரி 30, மீதி 900 பேரின் சராசரி 60 என்று வைப்போம். எல்லோரும் மேலே போனால் நான்காம் வகுப்புச் சராசரி 57. அந்த 100 பேரை நிறுத்தினால், யாரும் ஓர் எழுத்துகூடக் கூடுதலாகக் கற்காமலே நான்காம் வகுப்புச் சராசரி 60 ஆகிவிடும். மூன்று மதிப்பெண் உயர்வு, அறிவிப்பு, பாராட்டு எல்லாம் வந்துவிடும். மறு ஆண்டு அந்த வகுப்பில் ஒரு வயது மூத்த 100 பேர் வந்து சேருவார்கள். அந்தச் சராசரியும் பழையதோடு ஒப்பிடத் தக்கதல்ல. இதற்கு ஒரே வழி, வகுப்பை விட்டுவிட்டுப் பிறந்த ஆண்டு வாரியாகவோ, முதன்முதலில் பள்ளியில் சேர்ந்த ஆண்டு வாரியாகவோ மாணவர்களைத் தொகுத்து, அவர்கள் எந்த வகுப்பில் இருந்தாலும் கூடவே பின்தொடர்வது. தேசிய மாதிரித் தேர்வுகள் வகுப்புவாரியாக மட்டும் நடந்தால் இந்தக் கணக்கை அவற்றில் செய்ய முடியாது. வயதுவாரித் தேர்வு வேண்டும்.

பிழைக் கணக்கை விதி மாறிய அலகின் மட்டத்தில் கொத்தாக வையுங்கள். ஒரே ஒரு மாநிலத்தில்தான் விதி மாறியது என்றால் பத்து லட்சம் மாணவர் இருந்தாலும் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு நிகழ்வு. விதி மாறாத ஒவ்வொரு மாநிலத்திலும் மாறியதாகப் பாவித்து அதே கணக்கை ஓட்டி, உண்மையான மாநிலத்தின் எண் அந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

செலவு

ஒருவரை நிறுத்தினால் ஓராண்டுச் செலவு கூடும் என்று நேராகப் பெருக்கிவிடுவது தவறு. பள்ளியில் கழித்த மொத்த ஆண்டுகளையே விளைவாக வைத்து அதே கட்-ஆஃப் கணக்கைப் போடுங்கள். கற்பனையாக, தாவல் 0.36 ஆண்டு, நிறுத்தத் தாவல் 0.52 என்றால் வகுத்து வருவது ஏறத்தாழ 0.69 ஆண்டு. ஒன்றைவிடக் குறைவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: மேலே போனவர்களில் சிலர் பின்னால் நிறுத்தப்பட்டார்கள், அல்லது நிறுத்தப்பட்டவர்களில் சிலர் பள்ளியை விட்டே போனார்கள். முதலாவது உண்மையான மிச்சம். இரண்டாவதை மிச்சம் என்று எழுதினால் இடைநிற்றலை லாபக் கணக்கில் சேர்த்ததாகிவிடும். பிரித்துக் காட்ட, பள்ளியை முடித்தவரா முடிக்காதவரா என்பதையும் சேர்த்து விளைவை இரண்டாக உடைத்துப் போடுங்கள்.

கூடுதல் ஆண்டின் செலவு நிறுத்திய ஆண்டில் வருவதில்லை. அந்த மாணவர் கடைசி வகுப்பை ஓராண்டு தாமதமாக முடிக்கும்போது வருகிறது. மூன்றாம் வகுப்பில் நிறுத்தினால் அது ஒன்பது, பத்து ஆண்டு தள்ளி. அந்தச் செலவைக் கழிவு விகிதத்தால் (தள்ளி வரும் பணத்தின் மதிப்பை ஆண்டுக்கு இவ்வளவு என்று குறைக்கும் விகிதம்) இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். வேலைக்குப் போவது ஓராண்டு தள்ளிப்போவதால் இழக்கும் வருமானம் தனி வரி: அதைச் சுமப்பது மாணவரின் குடும்பம், பள்ளிச் செலவைச் சுமப்பது அரசு. ஒரே கூட்டுத்தொகையில் இவற்றைக் கலக்காமல் தனித்தனிப் பத்தியில் வையுங்கள்.